கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் ஆறு வார இன்டர்ன்ஷிப்: என் வாரம், ஒரு கேள்வி

மன்னைப்பெண்
ஞாயிறு, இரவு 9:20

வணக்கம். உணவுத் தொழில்நுட்பத்தில் மூன்றாம் ஆண்டு முடித்திருக்கிறேன். ஊர் மன்னார்குடிப் பக்கம். ஆறு வார இன்டர்ன்ஷிப்புக்காகக் கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஆலைக்கு வந்திருக்கிறேன், இன்றோடு மூன்று வாரம் முடிகிறது. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்காகத்தான் இந்த இழையே.

முதலில் என் வாரம். தங்கியிருப்பது ஒரு அக்கா வீட்டு மாடியில். என்னோடு இருக்கும் மூன்று பேரும் ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். கம்பெனி பஸ் விடிவதற்குள் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். அவர்கள் போன பிறகு வீடு திடீரென்று அமைதியாகிவிடும், அந்த அரைமணி நேரத்தில்தான் அம்மாவிடம் பேசுவேன். 7:10க்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் என்பதால் போக்குவரத்துக்குக் காசு செலவே இல்லை. 8 மணிக்குக் கேட்டில் கையெழுத்து.

முதல் வாரம் முழுக்க லைனில் நின்றேன். குளோரின் கலந்த தண்ணீர்த் தொட்டியில் பழம் விழும், பெல்ட்டில் ஏறும். இரண்டு பக்கமும் பெண்கள் நின்று அழுகலைப் பொறுக்குவார்கள், காம்புப் பக்கம் வெட்டுவார்கள். அப்புறம் பல்பர். கொட்டையும் தோலும் ஒரு பக்கம் போகும், கூழ் சல்லடையில் இறங்கும். சூடு செய்து, குளிர வைத்து, கிருமி நீக்கிய பையில் நிரப்பி, பையை டிரம்முக்குள் இறக்குவார்கள். ஒரு டிரம்மில் ஏறக்குறைய 215 கிலோ. மாங்கூழ் இயல்பிலேயே புளிப்பு என்பதால் பாலைப் போலவோ இறைச்சியைப் போலவோ கடும் சூடு தேவையில்லை. இதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருந்தேன். அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றபோதுதான் மனதில் ஏறியது.

பெல்ட்டில் வேலை செய்யும் அக்காக்கள் ஒருவருக்கொருவர் தெலுங்கில் பேசுவார்கள், என்னிடம் தமிழ், மேஸ்திரியிடம் கன்னடம். முதல் நாளே ஒரு அக்கா என் கையைப் பிடித்து, "முழுக்கை போட்டுக்கிட்டு வா பாப்பா, பால் பட்டா புண்ணாயிடும்" என்றார். நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் முழங்கைக்குக் கீழே கருகினாற்போல் தடிப்பு. காம்பிலிருந்து வடியும் பால் அவ்வளவு காரம். அந்த அக்காவே தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டார்.

இரண்டாம் வாரம் லேப். கூழை நன்றாக நீர்த்துவிட்டுத்தான் அமிலம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆரஞ்சு நிறத்தில், சோதனை முடிந்ததைக் காட்டும் அந்த இளஞ்சிவப்பு வருவது கண்ணுக்கே தெரியாது. அதற்கு எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

இந்த வாரம் வியாழக்கிழமையிலிருந்து கேட். தோத்தாபுரி ரக மாம்பழம் காயாக வரும் லோடை வெட்டிப் பார்த்துச் சதையின் நிறத்தை வைத்து எடுப்பார்கள், அது பழுக்க வைக்கும் அறைக்குப் போய்விடும். பழமாகவே வரும் லோடுக்கு மட்டும் பிரிக்ஸ் பார்ப்பது. நூறு கிராம் சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரை முதலானவை எத்தனை கிராம் என்பதுதான் பிரிக்ஸ். கையில் பிடிக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தைப் பார்த்தால் மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவில் கோடு. கோடு நிற்கும் எண்தான் அளவு. இங்கே 14க்குக் குறைந்தால் டன்னுக்கு இவ்வளவு என்று விலையில் பிடித்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். ஒரு தாத்தா மினிலாரியில் வந்தார். நான்தான் பார்த்தேன். 13.2. எழுதிக் கொடுத்தேன், விலை குறைந்தது. அவர் சண்டை போடவில்லை. என் பக்கத்தில் வந்து, "அதுக்குள்ள என்ன கண்ணு தெரியுது? எனக்கும் கொஞ்சம் காட்டேன்" என்றார். நான் கருவியை நீட்டுவதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டேன். திரும்பி வந்தபோது லாரி எடைமேடையைத் தாண்டிப் போயிருந்தது.

இரண்டு நாளாக அதுதான் மண்டையில் ஓடுகிறது. நான் காட்டியிருக்க வேண்டுமா? பயிற்சிக்கு வந்த மாணவி அப்படிச் செய்யலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

சிப்காட் நண்பன்
ஞாயிறு, இரவு 10:05

நானும் இரண்டு வருடம் முன்னால் ஓசூரில் இன்டர்ன்ஷிப் செய்தேன், இயந்திரப் பொறியியல். உங்கள் இடுகையைப் படித்ததும் அந்த அறை வாசனை வரைக்கும் ஞாபகம் வந்தது. மூன்றாவது வாரம்தான் எல்லோருக்கும் கனம். முதல் வாரம் புதுசு, கடைசி வாரம் ஊருக்குப் போகிற சந்தோஷம், நடுவில்தான் யாருமில்லாத மாதிரி இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். தினமும் இரவு நான்கு வரி எழுதி வையுங்கள். நான் எழுதவில்லை. ரிப்போர்ட் எழுதும்போது எந்த எண்ணும் நினைவில்லாமல் திண்டாடிப்போனேன்.

---

சந்தூர் மாந்தோப்பு
திங்கள், காலை 5:50

எனக்குச் சந்தூர்ப் பக்கம் ஆறு ஏக்கர் தோப்பு. தோத்தாபுரி, கொஞ்சம் செந்தூரா, ஓரத்தில் நீலம் நாற்பது மரம். எங்கள் பக்கம் மாங்கன்றுக்குப் பேர் போனது. உங்கள் ஆலையில் பல்பர் துப்புகிற கொட்டையைப் போன்றதைத்தான் நாற்றங்காலில் முளைக்க வைத்து ஒட்டுக் கட்டுகிறார்கள். அதையும் ஒரு நாள் போய்ப் பார் தாயி.

உன் கேள்விக்கு வருகிறேன். இருபத்திரண்டு சீசனாக ஆலைக்கும் மண்டிக்கும் பழம் ஏற்றுகிறேன். ஒரு தடவைகூட அந்தக் கண்ணாடிக்குள் என்னைப் பார்க்கவிட்டதில்லை. நானும் கேட்டதில்லை, கேட்கலாம் என்று தோன்றியதே இல்லை. அந்தப் பெரியவர் கேட்டார் பார், அதுவே பெரிய விஷயம்.

அவர் ஏன் சண்டை போடாமல் போனார் என்று உனக்குத் தெரிய வேண்டும். பறித்த பழம் காத்திருக்காது. காயாகப் பறித்தால் நாலைந்து நாள் தாங்கும், பழுத்துவிட்டால் அதுவும் கிடையாது. பறிகூலி கொடுத்தாகிவிட்டது, வண்டி வாடகை பேசியாகிவிட்டது, டிரைவர் அடுத்த லோடுக்கு மணி பார்த்துக்கொண்டிருக்கிறான். கேட்டில் விலை குறைத்தால் திருப்பி எடுத்துக்கொண்டு எங்கே போவது? இன்னொரு ஆலைக்குப் போனால் அங்கே ராத்திரி முழுக்க வரிசை. அதற்குள் அடியில் இருக்கிற பழம் நசுங்கி ஒழுகும். அதனால் சொன்ன விலைக்கு இறக்கிவிட்டுப் போவோம். எல்லாத் தோப்பும் ஒரே நேரத்தில் காய்க்கிற வருடம் என்றால் சொல்லவே வேண்டாம்.

மரத்துக்குப் பூ வந்த நாளிலிருந்து மருந்தடித்து, வெயிலில் பிஞ்சு கொட்டுவதைப் பார்த்து மனசு கெட்டு, அதெல்லாம் கடைசியில் அந்த ஒரு எண்ணில் வந்து நிற்கிறது. அந்த எண்ணை நாங்கள் கண்ணால் பார்க்கலாமா என்று கேட்கிறாய். பார்க்கலாம். காட்டு.

---

தொப்பூர் கணவாய்
திங்கள், காலை 8:15

மாந்தோப்பு ஐயாவின் வருத்தம் புரிகிறது. ஆனால் நான் ஒரு பெண்ணைப் பெற்றவன், கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் வேறு மாதிரி சொல்கிறேன்.

நீங்கள் அங்கே விருந்தினர். கேட்டில் நடப்பது பணம் சம்பந்தப்பட்ட வேலை. அதில் மாணவி தலையிட்டு நாளை ஒரு வாக்குவாதம் வந்தால் ஆலைக்காரர்கள் அடுத்த வருடம் உங்கள் கல்லூரியிலிருந்து யாரையும் எடுக்க மாட்டார்கள். சான்றிதழில் கையெழுத்துப் போடப்போவதும் அவர்கள்தான். கற்றுக்கொள்ள வந்தீர்கள், கற்றுக்கொண்டு வாருங்கள். காட்ட வேண்டும் என்று தோன்றினால் முதலில் உங்கள் மேலாளரிடம் கேட்டுவிட்டுக் காட்டுங்கள்.

---

லேப் மேசை
திங்கள், இரவு 7:40

தரக்கட்டுப்பாட்டில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பழக்கூழ், பழரசம் இரண்டிலும் இருந்திருக்கிறேன். காட்டலாமா வேண்டாமா என்பதற்கு முன்னால் வேறொன்று கேட்கிறேன் அம்மா. அந்த 13.2 சரியான எண்தானா?

கருவியை எங்கே பூஜ்யம் செய்தீர்கள்? எப்போது? அது வெப்பத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் வகையா, பழைய வகையா? கேட்டில் எங்கே வைத்திருந்தீர்கள், நிழலிலா வெயிலிலா? எத்தனை பழத்தில் சாறு எடுத்தீர்கள்? லோடின் மேலிருந்தா, அடியிலிருந்தா?

இதற்குப் பதில் எழுதுங்கள், பிறகு பேசலாம்.

---

மன்னைப்பெண்
திங்கள், இரவு 9:55

ஐயா, உங்கள் கேள்விகளைப் படித்ததும் வயிற்றைப் பிசைகிறது. உள்ளதை எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு லேபில் காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டு, கோட்டைப் பூஜ்யத்தில் நிறுத்திப் பூஜ்யம் செய்தோம். லேபில் ஏசி, 24 டிகிரி. தானாகச் சரிசெய்யும் வகை என்று கருவியில் எங்கும் போடவில்லை. கேட்டில் ஒரு தகர மேசை, மதியத்துக்கு மேல் அதில் வெயில் விழும். கருவி அந்த மேசை மேல்தான் இருந்தது. இரண்டு பழத்தில் பார்த்தேன். இரண்டும் மேலிருந்து எடுத்தது.

---

லேப் மேசை
திங்கள், இரவு 10:30

மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி.

சூடு ஏறினால் சாற்றின் ஒளிவிலகல், அதாவது வெளிச்சம் அதில் வளைவது, குறையும். கருவி அதைச் சர்க்கரை குறைவு என்று காட்டும். இருபது டிகிரியை வைத்துத்தான் அந்த அளவுகோலே போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.07 குறைவாகப் படிக்கும். காலையில் 24இல் பூஜ்யம் செய்து, மதியம் 34இல் படித்தால் பத்து டிகிரிக்கு 0.7 போய்விடும். இந்த வித்தியாசம் எப்போதும் ஒரே பக்கம்தான் விழும். லோடு கொண்டுவந்தவருக்கு எதிராக.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். லேப் தராசில் சர்க்கரை 15 கிராம், தண்ணீர் 85 கிராம் எடுத்துக் கரையுங்கள். அது 15 பிரிக்ஸ். லேபில் படியுங்கள். பிறகு கருவியையும் கரைசலையும் மூன்று மணிக்குக் கேட்டுக்கு எடுத்துப்போய், கால்மணி நேரம் அந்த மேசையில் வைத்துவிட்டுப் படியுங்கள். கரைசலை மூடி வையுங்கள், ஆவியானால் எண் ஏறிவிடும். சொட்டு விட்ட பிறகு அரை நிமிடம் பொறுத்துப் படியுங்கள்.

இன்னொன்று. ஒரே பழத்தில் காம்புப் பக்கமும் மூக்குப் பக்கமும் ஒரே இனிப்பு கிடையாது. ஒரு பக்கக் கதுப்பை முழுதாக வெட்டிப் பிசைந்து வடிகட்டித்தான் பார்க்க வேண்டும். மேல், நடு, அடி மூன்றிலும் பழம் எடுக்க வேண்டும்.

---

பயிற்சி தேடுகிறேன்
செவ்வாய், மதியம் 1:10

நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள். அடுத்த வருடம் நானும் இந்தப் பக்கம் வரலாம் என்றிருக்கிறேன், நாகர்கோவில். செலவு எவ்வளவு ஆகிறது? சாப்பாடு எப்படி? கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை என்கிறார்களே?

---

மன்னைப்பெண்
செவ்வாய், இரவு 9:15

தங்க, காலை இரவு சாப்பாட்டோடு எனக்கு மாதம் 5,500. ஆலையில் உதவித்தொகை கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. ரயில் கிருஷ்ணகிரிக்கு இல்லை, உண்மைதான். வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு சின்னப் பாதை இருந்ததாம், அதை 1941இலேயே மூடிவிட்டார்கள் என்று வீட்டு அக்காவின் அப்பா சொன்னார். தர்மபுரி, ஓசூர், ஜோலார்பேட்டை எதிலாவது இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். நான் சேலம் வரை ரயில், அங்கிருந்து பஸ்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் மூன்று வேளையும் சோறு தின்கிற ஊர்க்காரர்கள். இங்கே வாரத்தில் மூன்று நாள் இரவு கேழ்வரகுக் களி. முதல் நாள் உருண்டையைப் பார்த்துவிட்டு மென்று தின்ன முயன்றேன், வாயெல்லாம் ஒட்டிக்கொண்டது. வீட்டு அக்கா உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். கிள்ளி, கீரைக் கடைசலில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். இப்போது களி இல்லாத இரவில் நானே கேட்கிறேன். ஒரு உருண்டை சாப்பிட்டால் காலை வரை பசி என்ற பேச்சே இல்லை.

லேப் மேசை ஐயா, நாளை செய்து பார்க்கிறேன். இன்று லேபில் சர்க்கரை இல்லை, வரும்போது கடையில் கால் கிலோ வாங்கி வைத்திருக்கிறேன்.

---

மன்னைப்பெண்
புதன், இரவு 8:30

செய்துவிட்டேன். லேபில் 24 டிகிரியில் பூஜ்யம் செய்தபின் கரைசல் 15.0. அதே கருவி, அதே கரைசல், மூன்றேகால் மணிக்குக் கேட்டில் 14.3. மூன்று தடவை துடைத்துத் துடைத்துப் படித்தேன். 14.3, 14.3, 14.2. வெறும் தண்ணீர் விட்டுப் பார்த்தபோது கோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிட்டது.

மாலை லேப் மேடத்திடம் நோட்டைக் காட்டினேன். கை நடுங்கியது, சொல்லிவிடுகிறேன். அவர் ஒன்றும் பேசாமல் கருவியை வாங்கிக்கொண்டு அவரே கேட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். அவரும் படித்தார். "இத்தனை நாள் நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாளையிலிருந்து கருவி நிழலில் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கேட்டிலேயே தண்ணீர் விட்டுப் பூஜ்யம் செய்ய வேண்டும் என்று எழுதி ஒட்டச் சொல்லிவிட்டார்.

ஆனால் எனக்குச் சந்தோஷமாக இல்லை. தாத்தாவின் 13.2உடன் 0.7 சேர்த்தால் 13.9. அப்போதும் 14 இல்லை. மேலிருந்த இரண்டு பழத்தைத்தான் பார்த்தேன், அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அவருக்கு அநியாயம் நடந்தது என்று சொல்லவும் முடியவில்லை, நடக்கவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. கேட் சூப்பர்வைசரிடம் கேட்டேன். முடிந்துபோன லோடைத் திரும்ப எடுக்க முடியாது என்கிறார். அவர் சொல்வதும் சரிதான், பழம் டிரம்முக்குள் போய்விட்டது.

---

தொப்பூர் கணவாய்
புதன், இரவு 9:40

கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று அன்று எழுதினேன். நீங்கள் அளந்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். நான் சொன்னதைவிட இது நல்ல வழி. என் மாணவர்களிடம் நாளை இதைச் சொல்லப்போகிறேன், ஊர், பெயர் எதுவும் சொல்லாமல்.

---

சந்தூர் மாந்தோப்பு
வியாழன், காலை 5:30

தாயி, அந்தப் பெரியவர் கணக்கு 13.9ஓ 14.1ஓ, அதை விடு. ஏன் என்று கேட்டால் சொல்கிறேன். எங்களுக்கு 14 என்று ஒரு வரம்பு இருப்பதே கேட்டில்தான் தெரிகிறது. மூன்று நாள் கழித்துப் பறித்திருந்தால் அரைப் புள்ளி ஏறியிருக்குமோ என்னமோ, அதைத் தோப்பிலேயே பார்க்க வழி இருந்தால் நாங்கள் ஏன் அவசரப்படப்போகிறோம்? காயின் தோளில் குழி விழுந்திருக்கிறதா, தண்ணீரில் போட்டால் மூழ்குகிறதா என்று பார்ப்போம். எங்கப்பா சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூரில் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சீசன் முடிந்ததும் அங்கே போய் இதைக் கேட்கப்போகிறேன்.

லேப் ஐயா, அந்தக் கண்ணாடியை எங்களைப் போன்றவர்கள் வாங்க முடியுமா?

---

லேப் மேசை
வியாழன், காலை 10:20

தாராளமாக வாங்கலாம். கையில் பிடிக்கும் சாதாரண வகை, ஒரு ஆள் இரண்டு மூன்று நாள் வேலை செய்தால் கிடைக்கும் கூலிக்குள் வந்துவிடும். 0 முதல் 32 வரை அளவு இருக்கட்டும், வெப்பத்தைத் தானாகச் சரிசெய்யும் வகை என்று கேட்டு வாங்குங்கள். ஒரு சின்னப் பாட்டிலில் சுத்தமான தண்ணீர் எப்போதும் கூட இருக்க வேண்டும். பார்த்து முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், சாறு காய்ந்தால் கண்ணாடி கெட்டுவிடும்.

காயில் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். தோத்தாபுரிக் காயில் எண் குறைவாகத்தான் வரும், மாவு சர்க்கரையாக மாறியபின்தான் ஏறும். பறித்ததில் பத்துக் காயை வீட்டில் பழுக்கவைத்து, பழமான பிறகு பாருங்கள். எந்தத் தேதியில் பறித்தது எவ்வளவு வந்தது என்று இரண்டு சீசன் எழுதினால் உங்கள் தோப்பு உங்களிடமே பேசும்.

---

பென்னாகரத்தான்
வெள்ளி, மாலை 6:00

எல்லோரும் வேலையையே பேசுகிறீர்கள். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறது? மன்னார்குடியிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒகேனக்கல் பார்க்காமல் போகக் கூடாது. கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி, அங்கிருந்து எங்கள் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல். காலை ஆறரைக்குக் கிளம்பினால் பத்துக்குள் வந்துவிடலாம். கூட யாரையாவது அழைத்துக்கொண்டு வாருங்கள். பரிசல் ஓடுகிறதா என்று முன்னாலேயே விசாரித்துவிடுங்கள், கர்நாடகாவில் தண்ணீர் திறந்தால் நிறுத்திவிடுவார்கள்.

---

மன்னைப்பெண்
ஞாயிறு, இரவு 9:30

பென்னாகரத்து அண்ணா, இன்று போய்வந்தோம். அறைத் தோழிகளில் இருவருக்கு விடுமுறை கிடைத்தது. முந்தின இரண்டு ஞாயிறும் கேஆர்பி என்கிற கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் துணி துவைக்க ஓடிவந்தேன். அது தென்பெண்ணை, சாத்தனூர் வழியாகக் கடலூருக்குப் போகிற தண்ணீர். எங்கள் ஊருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்று பார்த்தது எங்கள் தண்ணீர். பரிசல் ஓடவில்லை, நீர்வரத்து கூடியிருந்ததால் தடை. பாலத்தில் நின்று பார்த்தோம். கலங்கிப்போய், பாறையில் மோதிப் புகைபோல் எழும்பி வருகிறது. மேட்டூரை ஜூன் 12ஆம் தேதி திறப்பார்களா மாட்டார்களா என்று எங்கள் வீட்டில் வருடா வருடம் டிவி முன்னால் உட்கார்ந்திருப்போம். அப்பா நாற்றங்கால் விடுவது அந்தச் செய்தியைப் பொறுத்து. அந்தத் தண்ணீர் மேட்டூருக்கு இறங்குவதற்கு முன்னால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. "திருப்பு, இன்னும் அந்தப் பக்கம் திருப்பு" என்று மட்டும் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். அரைமணி நேரம் வைத்திருந்தேன், என் டேட்டா தீரும் வரை.

எங்கப்பாவும் நெல் மூட்டையோடு கொள்முதல் நிலையத்தில் நின்றவர்தான். ஈரப்பதம் 17க்கு மேல் என்று மூட்டையை ஓரமாக வைக்கச் சொல்லிவிடுவார்கள். சாக்கைப் பிரித்துக் காயவைத்து, மழை வந்தால் மூடி, மறுநாளும் நிற்பார். அந்த ஈரம் பார்க்கும் கருவியில் என்ன தெரிகிறது என்று அவருக்கும் யாரும் காட்டியதில்லை. கிருஷ்ணகிரித் தாத்தா கேட்ட கேள்வி ஏன் என்னை விடவில்லை என்று பஸ்ஸில் வரும்போதுதான் புரிந்தது.

---

சிப்காட் நண்பன்
திங்கள், இரவு 8:00

கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். இதை ரிப்போர்ட்டின் முன்னுரையில் எழுதுங்கள். பேராசிரியர் அடித்தால் அடிக்கட்டும்.

---

மன்னைப்பெண்
சனி, இரவு 10:10

ஐந்தாம் வாரமும் ஆறாம் வாரமும் எழுத நேரம் கிடைக்கவில்லை. பழம் ஒரேயடியாகக் குவிந்தது, கேட்டில் வண்டிகள் தார்ரோடு வரை நின்றன. இன்று என் கடைசி நாள்.

லேப் மேடத்திடம் அனுமதி கேட்டேன். கூட்டம் இல்லாத நேரத்தில், கேட்பவர்களுக்குக் காட்டு, விலை பற்றி மட்டும் நீ பேசாதே என்றார். அது எனக்கும் சரியாகப் பட்டது. இந்த இரண்டு வாரத்தில் பதினோரு பேருக்குக் காட்டினேன். முதல் ஆள் கருவியைத் தலைகீழாகப் பிடித்தார். ஒரு அம்மா பார்த்துவிட்டு, "நீலமா இருக்குது, வெள்ளையா இருக்குது, கோடு பதினஞ்சுல நிக்குது, அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு மகனைக் கூப்பிட்டு அவனையும் பார்க்கச் சொன்னார். ஒருவருக்கு 13.5 வந்தது. அவரே படித்தார், அவரே வாய்விட்டுச் சொன்னார். "அவசரப்பட்டு உலுக்கிட்டோம்" என்றார். கோபப்படவில்லை. ஒருவர் கோபப்பட்டார், கருவியே பொய் என்றார். என் சர்க்கரைக் கரைசலைக் காட்டினேன், அப்போதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சரி.

அந்தத் தாத்தா மறுபடி வரவில்லை. ஒவ்வொரு மினிலாரி வரும்போதும் முன்சீட்டைப் பார்த்தேன்.

ரிப்போர்ட்டில் கரைசல் அட்டவணையைச் சேர்த்திருக்கிறேன், பதினெட்டு வாசிப்புகள், வெப்பநிலையோடு. பெல்ட் அக்காக்கள் சேர்ந்து ஒரு பெட்டி செந்தூரா கொடுத்திருக்கிறார்கள். நாளை காலை சேலம் பஸ். சந்தூர் நாற்றங்காலை மட்டும் பார்க்க முடியவில்லை, மாந்தோப்பு ஐயா மன்னிக்க வேண்டும்.

---

சந்தூர் மாந்தோப்பு
ஞாயிறு, காலை 6:15

போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை எழுது தாயி. பெட்டியைக் காலுக்கடியில் வைக்காதே, மேலே வைத்தால் குலுக்கலில் விழும், மடியிலேயே வைத்துக்கொள்.

கண்ணாடி வாங்கிவிட்டேன். தோத்தாபுரி எனக்கு முடிந்துவிட்டது, நீலம்தான் மரத்தில் இருக்கிறது. நேற்று எட்டுக் காயைப் பறித்து வைக்கோலில் வைத்திருக்கிறேன், தேதி போட்டு. பழுத்ததும் எண்ணை இங்கேயே எழுதுகிறேன். லேப் ஐயா, கதுப்பை முழுதாகத்தானே பிசைய வேண்டும், தோலோடா தோலில்லாமலா?

---

லேப் மேசை
ஞாயிறு, காலை 9:00

தோலைச் சீவிவிடுங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பிசையுங்கள், ஈரக்கை பட்டாலே எண் இறங்கும். முதலில் தண்ணீர் விட்டுப் பூஜ்யம் பார்த்தீர்களா?